இளைப்பாறித் தீவிற் குடியேறல்

ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்று மாலை வேளையில் உள்துறைமுகத்தை நோக்குவோர்க்கு, இவ்விடத்தை விட்டு எவரேனும் மனமொப்பிப் பிரிவரோ என்று தோன்றும். ஆயினும் எம் கல்லூரியிற் பயின்றவருட் பலர் பிரிந்தே சென்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் சென்றவர்கள் இன்று இளைப்பாறும் வயதை எய்தியுள்ளனர். எஞ்சிய காலத்தைப் பிறந்த ஊரிலே கழிக்கலாமா என்று அவர்களுட் சிலர் எம்மை வினவுகின்றனர். அவர்களுக்கும், அவர்களை அயலாராகப் பெறவிருக்கும் எமக்கும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானோம்.

குளிர்நாட்டார் இளைப்பாறியதும் வெயிலுள்ள தீவை நாடுவது மேனாட்டிற் பழகிப்போன வழக்கம். ஆங்கிலேயர் பலர் மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரசுக்கும் மோல்ற்றாவுக்கும் செல்வர். இரண்டும் முன்னர் பிரித்தானிய ஆட்சியில் இருந்தவை. மோல்ற்றாவில் ஆங்கிலம் இன்றும் அரசகரும மொழிகளுள் ஒன்று.

அத்தீவுகளுக்கும் திருகோணமலைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கே மழை பெரும்பாலும் குளிர்காலத்திற்கு உரியது, கோடை வரண்டது. இங்கும் ஐப்பசி முதல் தை வரையிலேயே பெருமழை. ஆண்டின் நடுப்பகுதி வரட்சி. ஆனாற் காரணம் வேறு. அங்கு மேற்கிலிருந்து வீசுங் காற்று மழையைக் கொணர, இங்கு வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து கொணர்கின்றது. தென்மேற் பருவக்காற்றோ மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி, வெறுங்கையோடு எம்மிடம் வந்து சேர்கின்றது. அதுவே நாம் அறிந்த கச்சான்.

காலநிலையில் எம் ஊர் தாழ்ந்ததன்று. பணத்தில் வேறுபாடு பெரிது. பிரித்தானிய அரசின் இளைப்பாற்றுச் சம்பளம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவது. சைப்பிரசில் வாழ்பவர்க்கு அவ்வுயர்வு தொடர்ந்து கிடைக்கும். இலங்கையிற் குடியேறியவர்க்கோ, சம்பளம் பெறும் நிலையில் வந்து சேர்ந்தபோது எத்தொகையோ அத்தொகையே 20 ஆண்டு சென்றபின்னும் வந்துகொண்டிருக்கும். கனடாவின் முதியோர் உதவிச் சம்பளம், 18 வயதின் பின்னர் 20 ஆண்டுகளேனும் அந்நாட்டில் வாழ்ந்தவர்க்கே வெளிநாட்டிலும் காலவரையறையின்றிக் கொடுக்கப்படும். 19 ஆண்டில் அவசரப்பட்டு மூட்டை கட்டியவர் பின்னர் வருந்துவார்.

சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டின் உரிமையை விரும்பிப் பெற்றவர் இலங்கை உரிமையை இழப்பார். 1987ஆம் ஆண்டின் திருத்தமே இரட்டைக் குடியுரிமைக்கு வழிகோலியது. அதனைப் பெறாதவர் தாம் தவழ்ந்த முற்றத்திலேயே விசாவுடன் நிற்கும் அயல்நாட்டவர் ஆவார். 55 வயதைக் கடந்த அயல்நாட்டார்க்கென விசா ஏற்பாடொன்று உண்டு. அதற்கு வங்கியில் அந்நியச் செலாவணி வைப்பும் மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணவரவும் காட்டுதல் வேண்டும். ஆனால் விசா காணியுரிமை தராது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அயல்நாட்டார்க்குக் காணி கைமாறுவதைத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமையாளர்க்கும், முதுசமாக வருங் காணிக்கும் விலக்குண்டு. ஆதலின் வேலிக்கல் பார்க்குமுன் கடவுச்சீட்டைப் பார்த்தல் நன்று.

இவையெல்லாம் கடதாசி வேலைகள். ஊரோடு ஒட்டுவது வேறு காரியம். இத்தீவுக்கு வந்து தங்கிய மூன்று ஆங்கிலேயரின் கதை இதனை விளக்கும்.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இங்கு குடியேறி, 2008இல் கொழும்பிலேயே மறைந்தார். அவரை ஈர்த்தது கடலடியிற் சுழியோடும் விருப்பம். ஓர் இலங்கைக் குடும்பத்துடன் ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கினார். எனினும் இறுதிவரை அவர் ஆங்கில எழுத்தாளராகவே இருந்தார்.

அவரோடு வந்த மைக் வில்சன் எமக்கு இன்னும் நெருக்கமானவர். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை, சுவாமிமலை அடிவாரக் கடலினுள் 1956இற் கண்டவர் அவரே. சிங்களத்தின் முதல் வர்ணப் படமாகிய ரன்முத்து தூவவை 1962இல் நெறிப்படுத்தியவரும் அவரே. பின்னர் அனைத்தையும் துறந்து, சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் முருகன் அடியாராய் வாழ்ந்து 1995இல் மறைந்தார்.

மூன்றாமவர், 1949 முதல் 1954 வரை மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த புதல்வர். தந்தை ஆள வந்தார். மைந்தர் யோகர் சுவாமிகளின் அடியவராகிச் சந்தசுவாமி எனப் பெயர் பெற்றார். மட்டக்களப்பைச் சேர்ந்த செங்கலடியிற் சிவதொண்டன் நிலையத்தில் அவர் ஆற்றிய பணியை அப்பகுதியார் அறிவர். பிரபுப் பட்டம் 1971இல் அவரை வந்தடைந்தது. 2004இற் காலமாகும் வரை அடியார் வாழ்வே அவர்க்கு உரியதாயிற்று.

எல்லோரும் காவி உடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. எம் நண்பர் பலருக்கு அது ஒவ்வாது. அவர் மனைவியர்க்கு அறவே ஒவ்வாது. வெயிலையும் கடலையும் மட்டும் நாடி வந்தவர் எத்தனை ஆண்டு தங்கினும் விருந்தினரே என்பதே எம் எண்ணம்.

எம்முடன் ஒரே வகுப்பில் இருந்த நண்பர் ஒருவர் ஆவணியில் வந்து, கடலைக் கண்டு மயங்கி, ஓர்ஸ் ஹில்லில் இருந்த தம் தந்தையாரின் வீட்டைப் புதுக்கினார். மார்கழி மழையில் ஓடு ஒழுகியது. அதனை அவர் பொறுத்தார். அயலார் தம்மை "வெளிநாட்டு ஐயா" என்றழைத்ததையே பொறுக்க மாட்டாதவராய் இருந்தார். பின்னர் சாவு வீடுகளுக்கு அழையாமலே செல்லத் தொடங்கினார். கோயிலில் அன்னதானத்திற்குக் காசு கொடுத்துவிட்டுப் போகாமல், மற்றவரோடு இருந்து காய்கறி வெட்டினார். கடைவீதியிற் பேசுதற்குத் தாம் மறந்த சிங்களத்தையும் மீண்டும் கற்றார். மூன்றாம் ஆண்டில், அயல்வீட்டார் ஒருகிழமை கொழும்புக்குச் செல்லும்போது தம் வீட்டுத் திறப்பை அவர் கையிற் கொடுத்துச் சென்றனர். அன்று மாலையே எம்மிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து அத்திறப்பை எடுத்துக் காட்டினார்.