விண்டோஸ் இருக்கட்டும், லினக்ஸும் வரட்டும்

"சேர், விண்டோஸை அழிக்காம லினக்ஸ் போடலாமா?"

ரத்தோட்டைப் பக்கத்து உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள். அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் அவளுக்கு வந்த பழைய லெப்டொப் அது. போடலாம் மகள், பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கேள் என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஏன் என்பது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியென்றால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதனால் விசைப்பலகை, திரை, பற்றரி எல்லாம் நன்றாக இருக்கும் லெப்டொப்புகள் திடீரென்று 'பழசு' ஆகிவிட்டன. அவற்றில் புதிய லினக்ஸ் தாராளமாக ஓடும். ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்புகளும், கடைக் கணக்கு மென்பொருளும் விண்டோஸில்தான் கிடக்கின்றன. எனவே இரண்டும் வேண்டும் என்பது வீண் ஆசையல்ல, நியாயமான தேவை.

இப்போது வன்தட்டுக்கு வருவோம். ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒன்று, நடுவே சுவர் வைத்துக் காம்பறா காம்பறாவாகப் பிரித்திருக்கிறது. வன்தட்டில் அந்தக் காம்பறாவுக்குப் பெயர் பார்ட்டிஷன். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் தட்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் கெட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே இருந்தும் கணினிக்கு அவை தெரியாது.

இந்தப் பட்டியலில் பழையது, புதியது என்று இரண்டு வகை. பழையது எம்பிஆர். 1983இல் டொஸ் 2.0 காலத்தில் வந்தது. தட்டின் முதல் 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும்: கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலுக்கு 446, பட்டியலுக்கு 64, கடைசி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனைப் பற்றி எழுத 16 பைட் வேண்டும். 64ஐ 16ஆல் வகுத்தால் 4. பழைய கணினிகளில் நாலுக்கு மேல் முதன்மைப் பார்ட்டிஷன் போட முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். தொடக்க நிரலுக்கு ஒரே ஓர் இடம் என்பதால், லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸைப் போட்டால் அது லினக்ஸின் தொடக்கியை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். 'விண்டோஸை முதலில், லினக்ஸைப் பிறகு' என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். இன்றும் அந்த வரிசையில் போவதே சிரமம் குறைந்தது.

புதியது ஜிபிடி. இதில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடமுண்டு. கூடவே யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையும் வந்தது. தட்டில் ஈஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். விண்டோஸுக்கு அதற்குள் ஒரு கோப்புறை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு இன்னொன்று. ஒன்றை ஒன்று தொடுவதில்லை. லெப்டொப்பைப் போட்டதும் எதை எழுப்புவது என்ற வரிசை மட்டுமே மாறும். இந்த ஒரு மாற்றத்தால் இரட்டை நிறுவலில் இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

உங்கள் கணினி எந்த வகை என்று அறிய விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயொஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். லினக்ஸை நிறுவப் பயன்படுத்தும் பென் டிரைவையும் அதே முறையில் தொடக்க வேண்டும். முறை மாறினால் நிறுவல் முடிந்தபிறகு இரண்டில் ஒன்று தொடக்கப் பட்டியலிலேயே தெரியாது.

நிறுவுவதற்கு முன் பிரதி. இதை மாத்தளைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்குள்ள அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகத்தை ஓலையில் எழுதிவைத்தார்கள். 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏட்டு நூலகம் அழிந்தது; பிரதிகள் வேறிடங்களில் இருந்ததால் நூல் பிழைத்தது. அதே தட்டின் இன்னொரு பார்ட்டிஷனில் போட்டுவைப்பது பிரதியாகாது. வெளித் தட்டிலோ பென்னிலோ எடுங்கள். எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

அடுத்தது பிட்லொக்கர் என்ற விண்டோஸ் மறையாக்கம். புதிய லெப்டொப்புகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். தொடக்க அமைப்பில் கைவைத்ததும் விண்டோஸ் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் அந்தக் கோப்புகளை மீட்டுத்தர முடியாது.

இனி இடம் ஒதுக்குவது. விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்தே, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் சுருக்குங்கள். உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கும். 50, 60 கொடுத்தால் பிறகு நெருக்கடி இராது. சுருக்கிய இடத்தில் எதையும் உருவாக்காமல் வெற்றிடமாகவே விடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனில் எழுத மறுக்கும். இந்த வேலையை மழைநாளில் செத்த பற்றரியோடு செய்யவே வேண்டாம். சுவர் நகரும் நேரத்தில் கரண்ட் போவதுபோல் கெட்டது வேறில்லை.

லினக்ஸின் நிறுவல் கோப்பு சில ஜிபி இருக்கும்; இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். பென்னில் எழுதி, நிறுவாமலே முதலில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வேலை செய்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ்99இல் தட்ட முடிகிறதா என்று பார்த்தபின் நிறுவலுக்குப் போங்கள். பாமினி எழுத்துருவை லினக்ஸில் சேர்த்துவிட்டால் அந்தப் பழைய கோப்புகளையும் லிப்ரேஒஃபிஸில் வாசிக்கலாம்.

நிறுவும்போது ஒரு திரை வரும். ஒரு வரி 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்று சொல்லும். இன்னொரு வரி 'தட்டை முழுதாக அழித்து நிறுவு' என்று சொல்லும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள், இடையில் இருப்பது ஒரு சொடுக்கு. முதல் வரி வரவேயில்லை என்றால் நிறுவி உங்கள் விண்டோஸைக் காணவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் தொடக்க முறை மாறியிருக்கும், அல்லது தட்டு மறையாக்கத்தில் இருக்கும்.

முடிந்தபிறகு பலரைக் குழப்புவது கடிகாரம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று நினைக்கும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. பகல் 12க்கு விண்டோஸ் காலை 6.30 என்று காட்டினால் கணினி பழுதில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொன்னால் சரியாகும். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் லினக்ஸ் தெரியாமல் போனாலும் பதற வேண்டாம். தொடக்க வரிசை மாறியிருக்கும். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது, நான்காவது முறைமையும் போடலாமா? முடியும். கண்டி ஹந்தானை மலையின் பெயரில், ஃபெடோராவை அடியாகக் கொண்டு இலங்கையிலேயே ஹந்தானா லினக்ஸ் உருவாக்கினார்கள். அப்படியானவற்றைப் பார்க்க ஆசை வருவது நல்லதுதான். அதற்குப் பென்னில் ஓட்டிப் பார்ப்பதே போதும். படிப்புக்கும் வேலைக்கும் நம்பியிருக்கும் தட்டில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு. விண்டோஸ் 10ஐ வைத்திருப்பவர்கள் பழைய கோப்புகளுக்கு மட்டும் அதைத் திறவுங்கள். வங்கி, மின்னஞ்சல், இணையம் எல்லாம் லினக்ஸில் பாருங்கள்.

நீங்களே செய்யத் துணிவில்லையென்றால் கடைக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஒரு தாளில் எழுதி லெப்டொப்பிலேயே ஒட்டிக் கொடுங்கள்: "போமட் பண்ண வேண்டாம். விண்டோஸ் இருக்க வேண்டும். பக்கத்தில் லினக்ஸ் போடவும்."