பாட்டன், தந்தை, மகன்

1965ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில், வளிமண்டல நியூட்ரினோக்களின் சுவடுகளை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கூடிப் பதிவு செய்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் நீரும் நிறைந்தது. அவ்வளவீடுகளை இனி அங்கே எவரும் மீண்டும் எடுக்கவியலாது. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து அறிவியல் பயிலும் எனக்கு இது பெரும் பாடம். கருவி போனால் வாங்கலாம். அளவீடு போனால் போனதுதான்.

நம் ஆய்வுக்கூடத்துச் சர்வர்களுக்கும் நகல் வேண்டும். ஒரே காந்த நாடாவில் நாள்தோறும் எழுதினால் போதாதோ என்பீர்கள். போதாது, தோழர்களே! இன்று கெட்ட கோப்பை அடுத்த வாரம் கண்டறிந்தால், நாடாவிலும் கெட்ட நகலே இருக்கும்.

ஆகவே பாட்டன், தந்தை, மகன் என்றொரு முறை உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை எழுதும் 4 நாடாக்கள் மகன்கள்; அவற்றின்மீது வாரந்தோறும் மீண்டும் எழுதலாம். வெள்ளிக்கிழமை நாடாக்கள் 4. அவை தந்தையர், மாதந்தோறும் திரும்பி வரும். மாதத்தின் கடைசி வெள்ளிக்குரியவை பாட்டன்மார், ஆண்டுக்கு 12. ஆக, 20 நாடாக்களில் ஓராண்டு நம் கையில் இருக்கும்.

பாட்டன்மாரை வேறு கட்டடத்தில் வையுங்கள். தீ விபத்து நேர்ந்தாலும் அவை தப்பும். 2011இல் மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் பலருடைய கடிதங்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் அவற்றை நாடாக்களிலிருந்தே மீட்டது. நாமும் மாதம் ஒருமுறை ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும்.

விடுமுறை வெள்ளியன்று நாடாவை மாற்றுபவர் யார்? அப்பெயரை இன்றே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.