கடல் விலகிய வழியே நாலு நாள் நடை

தை பிறந்துவிட்டால் தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலை ராத்திரியிலும் தூங்காது. பச்சை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். முருகன் படம் வைத்த வேன் ஒன்று பாட்டைப் போட்டபடி கூடவே ஊரும். பழையகாயலும் முக்காணியும் ஆத்தூரும் தாண்டி, சாகுபுரம் ஆலையின் விளக்குகள் தெரிந்ததும் நடையில் தெம்பு கூடும். இனி திருச்செந்தூர் எட்டும் தூரம்தான்.

“என்ன அண்ணாச்சி, டிரெக்கிங்கா?” என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் பல நாள் நடையைத் திட்டமிடும் கலையில் பாதி அவர் கையில் இருக்கிறது. வெயில் இறங்கிய பிறகு நடை, உச்சிப் பொழுதில் நிழலில் தூக்கம், பாரம் வண்டியில், முதுகுப் பையில் லாரிக்காரர் கண்ணில் படும் ஒளிரும் ஸ்டிக்கர், வழியெல்லாம் நீர்மோர்.

நம் பிள்ளைகள் கனவு காணும் நடை வேறு. பெரு நாட்டு இன்கா பாதையில் ஏறத்தாழ 43 கி.மீ. தூரத்தை நாலு நாளில் கடந்து, 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கும் மச்சு பிச்சுவின் கல் நகரைக் காண்பது. அதற்கு நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. சுமை தூக்குவோரும் அந்தக் கணக்கில் அடக்கம். பிப்ரவரி முழுக்கப் பாதையை மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு எழுந்தது கி.பி. 15ஆம் நூற்றாண்டில். அதைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்த ஊர்கள் சாகுபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லை, வரிசை இல்லை. திட்டம் மட்டும் வேண்டும். இன்கா பாதைக்கு வேண்டிய அளவுக்கே வேண்டும்.

கடலைத் துரத்திய துறைமுகங்கள்

நம் நாலு நாள் பாதையின் நடுநாயகம் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். ‘பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இதைக் ‘கொல்கோய்’ என்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை முத்துக்குளிக்க விட்டதாகவும் சொல்கிறது. இன்று அங்கே போய் நின்றால் வாழையும் வயலும் குளமும்தான் கண்ணில் படும். துறைமுகம் இருக்கிறது, கடலைக் காணோம்! அது ஆறேழு கி.மீ. கிழக்கே போய்விட்டது.

கடலை நகர்த்தியது தாமிரபரணி. பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு வண்டலைச் சுமந்து வருகிறது. வேகம் இருக்கும்வரைதான் தண்ணீரால் மண்ணைத் தூக்க முடியும். கடலைத் தொட்டதும் வேகம் செத்து, மண் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லாததால், உட்கார்ந்த மண்ணை வாரிக்கொண்டு போகும் வலு கடல்நீருக்குக் குறைவு. ஆண்டுக்குச் சில மீட்டர் கரை முன்னேறினாலும் போதும். இரண்டாயிரம் ஆண்டில் கப்பல் நின்ற இடத்தில் ஏர் ஓடும்.

கரை நகர, துறைமுகமும் பின்னாலேயே ஓடியது. 1870களில் இந்தப் பகுதியில் தோண்டிப் பார்த்த ராபர்ட் கால்டுவெல் இந்த வரிசையைக் கண்டுகொண்டார். கொற்கை தூர்ந்தபோது காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ அரபுக் குதிரைகள் வந்திறங்குவதைப் பற்றி எழுதிய ‘காயில்’, இன்றைய பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கருத்து. அதுவும் தூர்ந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல் எழுந்தது. கடைசியில், ஆற்று மண் எட்டாத தூத்துக்குடிக்குத் துறைமுகம் தப்பிப் போனது.

ஆகவே கடற்கரையில் தொடங்கி மேற்கே நடப்பவருக்குக் காலம் பின்னோக்கிப் போகும். இன்கா பாதையில் ஏறுவது உயரம். இங்கே தரை ஏறக்குறைய தட்டை, ஏறுவதெல்லாம் நூற்றாண்டுகள்.

அங்கே மூச்சு, இங்கே வியர்வை

தட்டைத் தரைதானே என்று அலட்சியம் வேண்டாம். இன்கா பாதையின் உச்சி, ‘இறந்த பெண்ணின் கணவாய்’ என்று பொருள்படும் வார்மிவன்யுஸ்கா. உயரம் 4,215 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்; ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்கே கிடைக்கும். அதனால்தான் 3,400 மீட்டரில் உள்ள குஸ்கோ நகரில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கச் சொல்கிறார்கள். நம் கரையில் ஆக்ஸிஜனுக்குக் குறைவில்லை. காற்றில் தண்ணீர்தான் மிகுதி.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கும் உடம்பு ஏறத்தாழ 300 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நாலு மின்விசிறி ஓடும் அளவு. அதை வெளியேற்ற உடம்பிடம் உள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நடையின் வெப்பத்தை மட்டும் தணிக்க மணிக்கு அரை லிட்டர் போதும். வெயில் அடித்தால் கணக்கு ஏறும். அதுவும் ஆவியானால்தான், சொட்டி மண்ணில் விழும் வியர்வை உடம்பைக் குளிர வைக்காது.

மண்பானையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். மேற்கேயிருந்து காய்ந்த கச்சான் வீசும்போது பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கடலிலிருந்து ஈரக் கொண்டல் வந்தால் அதே பானை வெதுவெதுவென்று கிடக்கும். மனித உடம்பும் பானைதான். இதை அளக்கத்தான் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ பார்க்கிறார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட நெடுநேரம் தாங்க முடியாது என்பது பழைய கணக்கு. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்கியது.

குஸ்கோவில் தங்குவதற்கு இங்கேயும் ஒரு மாற்று உண்டு. நடைக்கு முன்னால் பத்து நாள், தினமும் ஒரு மணி நேரமாவது வெயில் தாழ்ந்த வேளையில் வியர்க்க நடக்க வேண்டும். வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பையும் குறைவாகவே விடும்.

உப்பூருக்கு உப்பின் கணக்கு

சாகுபுரத்தின் வாழ்வே சோடியம்தான். ஆலையை நிறுவிய சாகு ஜெயின் குடும்பத்தின் பேரால் வந்த ஊர்ப்பெயர் இது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அங்கே காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். அதே சோடியம்தான் நம் நரம்பிலும் தசையிலும் மின்சமிக்ஞையை ஓட்டுகிறது. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகும். ஆளுக்கு ஆள் இது மாறும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை கொண்டுபோய் விடும்.

குடற்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே போகும். அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சூட்சுமம் இதுதான். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டி என்றால் தேக்கரண்டி. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் நம் பாட்டிமார் கையாண்ட அதே வழியின் உறவுகள். ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி பையில் இருக்கட்டும்.

எவ்வளவு குடிப்பது? பயிற்சி நாளில் நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உங்கள் உடம்பின் அளவு அது; எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

மாதமும் நேரமும்

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மாவட்டம் ஒரு முழு ஆண்டில் காணும் மழையைவிட அதிகம்! ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். சித்திரை, வைகாசியைச் சொல்லவே வேண்டாம். தை நடுவிலிருந்து மாசி முடிவு வரைதான் தோது. குளங்களில் நீரும் பறவைகளும் இருக்கும், காலைப் பொழுது இதமாக இருக்கும்.

நேரத்தை உப்பளத் தொழிலாளரிடம் கற்றுக்கொள்ளலாம். விடியுமுன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும் முன் பெரும்பங்கு வேலையை முடிப்பவர்கள் அவர்கள். நடப்பவரும் ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் நிழல் சேர வேண்டும். மீதியை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு நாள் பாதை

முதல் நாள் சாகுபுரத்திலிருந்து புன்னைக்காயல். உப்பளங்களைக் கடந்து தாமிரபரணி கடலில் சேரும் இடம் வரை போய், அலையாத்திச் செடிகள் வண்டலைப் பிடித்து நிறுத்துவதைப் பாருங்கள். கொற்கையைத் தூர்த்த வேலை இங்கே இன்னும் நடக்கிறது. பிறகு திரும்பி ஆத்தூர். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் ஊர். கொடிக்கால் நிழல் நடந்த காலுக்குச் சுகம்.

இரண்டாம் நாள் முக்காணிப் பாலம் தாண்டிப் பழையகாயல், அங்கிருந்து கொற்கை, இரவுக்கு ஏரல். கொற்கையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது என்று ஊரார் சொல்லும் வன்னி மரம் ஒன்று உண்டு. 1968–69இல் மாநிலத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. உயிர் போன நாளிலிருந்து மரக்கரியில் உள்ள கார்பன்-14 குறைந்துகொண்டே வரும்; 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

அறுத்த சங்குகளும் கொற்கை மண்ணில் கிடைத்தன. இங்கே இன்காக்களை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்களுக்கு உயிரான பொருள் ஸ்பாண்டிலஸ் என்ற முள்சிப்பி. எக்வடோர் கரையின் வெதுவெதுப்பான கடலில் மூச்சடக்கி மூழ்கி எடுத்து, மனிதரும் லாமாக்களும் சுமந்து மலையேற்றினார்கள். 1999இல் யுயாயாகோ சிகரத்தில், 6,700 மீட்டருக்கும் மேலே, பலியிடப்பட்ட குழந்தைகளின் அருகே அந்தச் சிப்பியில் செதுக்கிய சிறு உருவங்கள் கிடைத்தன. கடலில் மூழ்கியவர் எடுத்த பொருளை, நிலத்தில் நடந்தவர் தூரதேசம் சேர்த்தார். இரண்டு கரைகளிலும் கதை ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஏரலிலிருந்து பெருங்குளம் வழியாகச் சிவகளை, மாலையில் ஸ்ரீவைகுண்டம். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் இங்குள்ள இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போவதாக அறிவிப்பு வந்தது. அதைப் பற்றிய விவாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் 1873இல் முடிந்த அணைக்கட்டு, தாமிரபரணியின் கடைசி அணை.

நாலாம் நாள் ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ. தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் வெளிவந்தன. இப்போது அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் புதைத்த இடத்திலேயே இருக்க, நாம் மேலே நின்று பார்க்கலாம்.

மொத்த நடை ஐம்பது கி.மீ.யைத் தாண்டும். பையில் மூன்று லிட்டர் நீர், ஓ.ஆர்.எஸ்., தொப்பி, டார்ச், தெருநாய்க்கு ஒரு கம்பு, இரண்டு ஜோடி காலுறை. ஈரத்தோல் உராய்ந்தால் கொப்புளம் சீக்கிரம் வரும். காலுறை நனைந்தால் மாற்றிவிடுங்கள். வழியில் ஓட்டாஞ்சில்லு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் அடையாளம். பைக்குள் போனபின் அது வெறும் ஓடு.

திரும்புவதற்கு ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறினால் ஆறுமுகநேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இருக்கையில் சாயும்போது சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இறங்கப் போகும் ஊரின் பாத்திகளில் விளைவதும் அதுதான்.