மேசை ஃபோன் எதைத் தேடுகிறது?

வல்லக்கோட்டையில் சித்தப்பாவின் லேத் பட்டறைக்கு தகரக் கூரை. உள்ளே போனால் செல்லுக்கு சிக்னல் கிடையாது. ஒரகடம் பக்கம் காலி செய்த ஓர் அலுவலகத்தின் சாமான்களோடு சிஸ்கோ 7942 மேசை ஃபோன்கள் நான்கு காயலான் கடைக்கு வந்திருந்தன. பின்கட்டு வீட்டுக்கும் பட்டறைக்கும் இண்டர்காம் போட்டுவிடலாம் என்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது.

செல்போன் ஆப் மாதிரி இதில் யூசர்நேம், பாஸ்வேர்டு அடித்து முடித்துவிட முடியாது. நூற்றுக்கணக்கான ஃபோன்களை ஒரே சர்வரிலிருந்து ஆள்வதற்காகச் செய்த சாமான் இது. மின்சாரம் வந்ததும் டிஹெச்சிபியிடம் ஐபி முகவரி கேட்கும். கூடவே ஆப்ஷன் 150 வழியாக, டிஎஃப்டிபி சர்வர் எங்கே என்றும் கேட்கும். அங்கே போய் தன் பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைத் தேடும். பெயர் எப்படி? முதலில் எஸ்இபி, பிறகு 12 எழுத்து மேக் முகவரி, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். லினக்ஸில் ஒரு எழுத்து சின்னதானாலும் கோப்பு இல்லை என்றாகிவிடும். எனக்கு முதல் வாரம் இதிலேயே போச்சு.

ஃபோன் திரை உருப்படியாக எதையும் சொல்லாது. சர்வர் சொல்லும். ராஸ்பெரி பையில் டிஎன்எஸ்மாஸ்க் போட்டால் டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டுக்கும் அதுவே போதும் (ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள், இரண்டு பேர் பதில் சொன்னால் குழப்பம்தான்). ஃபோன் எந்தக் கோப்பைக் கேட்டது, அது இருந்ததா என்பதெல்லாம் அதன் லாகில் வந்துவிடும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனுக்கு மின்சாரம் கொடுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது சிக்கல் வில்லங்கமானது. பழைய அலுவலகத்தின் சர்வரை மட்டுமே நம்பச் சொல்லும் சான்றிதழ் பட்டியல் ஃபோனுக்குள் தங்கியிருக்கலாம். அப்படியானால் நம் கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, கையொப்பம் இல்லை என்று தள்ளிவிடும். பாதுகாப்பு மெனுவில் **# அடித்துப் பூட்டைத் திறந்து, அந்தப் பட்டியலை அழிக்க வேண்டும்.

ரீசெட் செய்தால் எல்லாம் சரியாகிடும்னு சிலர் சொல்வார்கள். # விசையை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, 123456789*0# அடிப்பதுதான் ரீசெட். ஆனால் அது ஃபோனின் மென்பொருளையும் துடைத்துவிடும். ஆஸ்டெரிஸ்கோடு எளிதாகப் பேச சிப் மென்பொருள் வேண்டும், அலுவலக ஃபோன்களில் பெரும்பாலும் இருப்பது சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான ஸ்கின்னி. எனவே சிப் கோப்புகளை முதலில் டிஎஃப்டிபி அடைவில் வைத்துவிட்டுத்தான் ரீசெட்டில் கை வைக்கணும். சிஸ்கோ தளத்தில் அவற்றை இறக்க பொதுவாக ஆதரவு ஒப்பந்தம் கேட்பார்கள். காயலான் கடையில் வாங்கியவனிடம் ஒப்பந்தத்துக்கு எங்கே போவது? ஃபோன் நல்லா இருந்தும் குப்பைக்குப் போவது இதனால்தான்.

இப்போது மேக் முகவரியும் எக்ஸ்டென்ஷன் எண்ணும் கொடுத்தால் எக்ஸ்எம்எல் கோப்பை எழுதித் தரும் சின்ன பைத்தான் நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பில் சிப் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாக இருக்கும், டிஎஃப்டிபிக்குப் பூட்டும் இல்லை. ஆகவே இதை வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே திறந்துவிடாதீர்கள்.

சித்தப்பா 101, வீடு 102. லேத் ஓடும்போதும் மணி கேட்கிறது. நான்காவது ஃபோனை அவசரப்பட்டு முதலிலேயே ரீசெட் செய்துவிட்டேன், அது இன்னும் கோப்பு தேடிக்கொண்டிருக்கிறது.