பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்?

மும்பை தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதியரின் வீட்டிற்கு, குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில் சென்றிருந்தேன். பிள்ளை சுகமாயிருந்தது. பீரோவின் மேல், பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியில் ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் ஒரு வாக்கர். கதவருகே உயரமான உணவு நாற்காலி. கட்டிலும் அடுப்பும் போக மீதியிருந்த தரையில், தாய் பிள்ளையோடு சுவரோரமாய் ஒடுங்கி அமர்ந்திருந்தாள். வண்டிக்கு இன்னும் ஏழு தவணைகள் பாக்கியிருப்பதாகத் தகப்பன் கூறினார். “ஊரிலிருந்து வருகிறவர்கள், பிள்ளைக்கு ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டுவிடக் கூடாதே, ஐயா” என்றார்.

அன்பான பெற்றோரே, நகரத்தில் நம்மில் அநேகருக்கு இந்தப் பயம் உண்டு. ஆனால் தவணை கட்டுகிற மாதங்களில் அத்தாயின் தட்டில் முட்டையும் கீரையும் குறைந்திருந்ததை அவளுடைய முகமே காட்டியது. பால் கொடுக்கிறவளுக்குச் சேரவேண்டியது பெட்டிக்குள் கிடந்தது.

தள்ளுவண்டி கெட்ட பொருளன்று. லிஃப்டும் சமதளப் பாதையும் உள்ள அடுக்குமாடி வளாகத்தில் வசிப்பவர்களுக்கு அது பிரயோஜனப்படும். இருவர் ஒருமிக்க நடக்க இயலாத சந்திலும், லோக்கல் ரயிலின் மேம்பாலப் படிகளிலும் அதை யார் தூக்குவது? வண்டி வேண்டுமா என்பதைக் கடை அல்ல, உங்கள் வீட்டு வாசலே தீர்மானிக்கட்டும்.

துணிமணிகளிலும் இப்படியே. ஏறத்தாழ 3 கிலோ எடையோடு பிறக்கும் பிள்ளை ஐந்தாம் மாதவாக்கில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் வளருகிறது. பிறந்த குழந்தைக்கென்று வாங்கிய சட்டை சில வாரங்களுக்கே உதவும். அன்னாள் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். ஐந்தாண்டுக்கு வேண்டியதை ஒரே நாளில் தைத்து வைக்கவில்லை. தெரிந்த குடும்பங்களில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சட்டைகளைக் கேட்டு வாங்கி, கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி உடுத்துவதில் வெட்கமில்லை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்த துணியைவிட மென்மையானது கடையில் கிடைப்பது அரிது.

ஆயினும் இங்கே ஊர்க் கணக்கு அப்படியே செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் துணி காயாது. குழாயில் தண்ணீர் வருவதும் சில மணி நேரமே. ஊரில் இருபது துணி போதுமென்றால் இங்கே மழைக்காலத்தில் நாற்பது வேண்டியிருக்கும். ஆகவே இரவிலும் பயணத்திலும் டயப்பர் உபயோகிப்பதைக் குற்றமாக எண்ண வேண்டியதில்லை. நாள் முழுவதும் என்றால் செலவைக் கணக்கிடுங்கள்: ஒன்று 10 ரூபாய் என்று கொண்டாலும், நாளொன்றுக்கு ஆறு வீதம் மாதம் 1,800 ரூபாய்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பால்புட்டிகளுக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. மருத்துவர் சொல்லி வேறு பால் கொடுக்க நேர்ந்தால், நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கிறது. அகன்ற வாயுள்ளதாகையால் மூலை முடுக்கின்றிக் கழுவலாம். புட்டியின் ரப்பர் முனையில் அழுக்குத் தங்குவதுபோல் இதில் தங்காது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதனால் பால் புகட்டுகிறார்கள்.

உறங்குவதற்குப் பருத்திச் சேலைத் தூளியைப்போல் எளியது ஏது? ஆனால் அது தாலாட்டி அமர்த்துவதற்கே ஏற்றது. நெடுநேர உறக்கத்திற்குக் கெட்டியான, சமமான விரிப்பில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு என்பது மருத்துவர்களின் ஆலோசனை. ஒரு வயதுவரை தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று விற்கப்படும் கடுகுத் தலையணையும் வேண்டாம். பிள்ளை புரளத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

வாக்கரைப்பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. சக்கரத்தின் வேகத்தில் பிள்ளை படியில் உருளும். எட்டாதென்று நாம் நினைத்த கொதிக்கும் பாத்திரத்தை எட்டிப் பிடிக்கும். கனடா தேசம் 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடைசெய்தது. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள நமக்கு அது எவ்வளவு ஆபத்து!

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மலேரியாவும் டெங்குவும் உள்ள நகரத்தில் நல்ல கொசுவலை அவசியம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். பைக்கில் அழைத்துச் செல்வீர்களானால், 4 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், 9 மாதத்திற்கு மேல் அளவான தலைக்கவசமும் 2023 பிப்ரவரி முதல் சட்டப்படி கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் அட்டவணைத் தடுப்பூசிகள் இலவசம்.

பின்லாந்து தேசத்தில் 1938 முதல் எளிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அரசு ஒரு பெட்டி கொடுத்துவருகிறது. உள்ளே உடைகளும் ஒரு சிறு மெத்தையும் இருக்கும்; பொருட்களை எடுத்தபின் அந்த அட்டைப்பெட்டியே படுக்கை. பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் நம் சகோதரிகளில் சிலர், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2015இல் தொடங்கப்பட்ட 16 பொருட்களடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தைப் பெற்றிருப்பார்கள். துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்கு லேகியம். தள்ளுவண்டி இல்லை.

அந்தத் தாராவித் தம்பதியர், பெட்டி பிரிக்காத வண்டியை லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்திற்கு விற்றுவிட்டார்கள். தவணைகள் தீர்ந்து, கையில் கொஞ்சம் மிஞ்சியது. நாற்காலியை, இடமிருக்கும் உறவினர் வாங்கிக்கொண்டார். “வாக்கரை யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாமா, ஐயா?” என்று அந்தச் சகோதரி கேட்டாள். ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம், சக்கரங்களைக் கழற்றிப் பழைய சாமான் கடையில் போட்டுவிடம்மா என்றேன்.