டைட்டானிக் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் அக்கா

பெட்டி மேலே கொட்டை எழுத்தில் ‘டைட்டானிக்’ என்று போட்டிருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே வரப்போவது ஒலிம்பிக்! கதவைச் சாத்திவிட்டு மேசைப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். மரத்தூள் ஒட்டும், பரவாயில்லையா?

ஸ்பெயினின் ஆக்ரே, இத்தாலியின் அமாட்டி போன்ற நிறுவனங்கள் டைட்டானிக்கை மரத்தில் செய்யப் பெட்டி போட்டு விற்கின்றன. முதல் பயணத்திலேயே மூழ்கிய தங்கைக்கு அத்தனை கிராக்கி. 1911 முதல் 1935 வரை அட்லாண்டிக்கை அலுக்காமல் கடந்த அக்கா ஒலிம்பிக்கைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம்தான். எனக்கோ அக்கா மேல்தான் ஆசை. போர்க்காலத்தில், 1918 மே மாதம், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியையே மோதி மூழ்கடித்தவளாயிற்றே!

பெல்ஃபாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் வொல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாய்தளங்களில் வளர்ந்தவை. ஒலிம்பிக் 400ஆம் எண், டைட்டானிக் 401. ஏட்டுக் கணக்கில் நீள வித்தியாசம் மூன்றே அங்குலம். 1:300 அளவில், ஏறத்தாழ 90 செ.மீ. நீள மாதிரியில், அது கால் மில்லிமீட்டர். உப்புத்தாளை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தால் தீர்ந்தது! ஆகவே அடிக்கட்டை, குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் ஒட்டும் மரப்பட்டிகள் எல்லாம் பெட்டியில் சொன்னபடியே போகட்டும். விஷமம் முழுக்க மேலே இருக்கிறது.

கத்தியைத் தொடுமுன் ஒரு கேள்வி: எந்த ஒலிம்பிக்? 1910 அக்டோபரில் நீரில் இறக்கியபோது, படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று வெளிர் சாம்பல் பூசியிருந்தார்கள். பிறகு கறுப்பு. டைட்டானிக் போனபின் படகுகளாக அடுக்கித் தள்ளினார்கள். முதல் உலகப் போரில் கண்ணைக் குழப்பும் கோடுகள். ஆண்டைத் தீர்மானிக்காமல் ஒட்ட ஆரம்பித்தால் கதம்பம்தான் மிஞ்சும். நான் பிடித்தது 1911 ஜூன், அவளுடைய முதல் பயணம். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. இரண்டிலும் முதல் பயணத்தின்போது 20 உயிர்காப்புப் படகுகள்தான். பெட்டியில் வந்ததே போதும்.

இப்போது ஏ தளத்தைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் உலாவியவர்கள் மேல் சாரல் அடித்ததால், டைட்டானிக்கில் முன்பாதியைக் கண்ணாடி ஜன்னல் வைத்து மூடினார்கள். ஒலிம்பிக்கில் அது கடைசி வரை திறந்தேதான் கிடந்தது. எனவே மூடிய பகுதியை வெட்டி எடு, மெல்லிய தூண்களும் கைப்பிடியும் வை. இதை மட்டும் செய்துவிட்டு ‘ஒலிம்பிக்’ என்று பெயர் எழுதுகிற சோம்பேறிகள் உண்டு!

பி தளத்தில்தான் உயிர் போகிறது. டைட்டானிக்கில் அறைகளைக் கப்பலின் ஓரம் வரை நீட்டியதால் ஜன்னல்கள் கூட்டமாக ஓரிடம், இடைவெளி விட்டு ஓரிடம் என்று தாறுமாறாக நிற்கும். ஒலிம்பிக்கில் அங்கே உலாவும் தாழ்வாரம். ஜன்னல்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சீராக வரிசை கட்டும். இருந்ததைத் திருத்த முடியாது. முழு நீளத்துக்கும் புதுச் சுவர்! கணினியில் கோடு போட்டு, காகிதத்தில் அச்செடுத்து, மெல்லிய ஒட்டுப்பலகை மேல் ஒட்டி, ஒவ்வொரு ஜன்னலாகக் குடைந்து எடுக்க வேண்டும். இடைவெளி பிசகாமலிருக்க ஒரு துண்டு மரமே அளவுகோல். ஒரு பக்கம் முடித்து நிமிர்ந்தால், மறுபக்கம் காத்திருக்கிறது!

கப்பல் ஓட்டும் அறையில் எனக்குக் கொண்டாட்டம். டைட்டானிக்கில் அதன் முகப்பு நேர். 1911 ஒலிம்பிக்கில் வளைவு. மெல்லிய மரத்தகட்டை வெந்நீரில் ஊறவைத்து, மார்க்கர் பேனா மேல் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் காலையில் வளைந்து நிற்கிறது. அந்த அறை இருக்கும் ‘பிரிட்ஜ்’ மேடையின் இரு சிறகுகளும் டைட்டானிக்கில் சற்றே வெளியே துருத்தும். அரத்தால் இரண்டு தேய்ப்பு, அதுவும் போச்சு.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஓட்டைகள்! முன்பக்கம், இடது புறம், சி தளத்தில் டைட்டானிக்குக்கு 16 வட்ட ஜன்னல்கள். 1911இல் ஒலிம்பிக்குக்கு 14. இரண்டு துளை போடாமல் விட்டாலே மாற்றம் முடிந்தது. வேலை செய்யாமல் வெற்றி பெறும் ஒரே இடம் இது.

மாற்றி மாற்றிப் பொருத்தும் பழக்கம் நமக்கு மட்டுமா? 1911 செப்டம்பர் 20 அன்று ஹாக் என்ற போர்க்கப்பல் ஒலிம்பிக்கின் பின்பக்கத்தில் இடித்தது. அவளைச் சரிசெய்ய, கட்டிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் உந்துதண்டையே எடுத்தார்கள். ஆட்களையும் இங்கே திருப்பினார்கள். தங்கையின் முதல் பயணம் மார்ச் 20இலிருந்து ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போனது. டைட்டானிக்கின் பிரம்மாண்ட மாடிப்படி என்று நாம் வாய்பிளந்து பார்க்கும் பழைய புகைப்படமும் அக்கா வீட்டில் எடுத்ததுதான்.

காப்பீட்டுப் பணத்துக்காகக் கப்பல்களை மாற்றிவிட்டார்கள், மூழ்கியது உண்மையில் ஒலிம்பிக்தான் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அந்த 14, 16 கணக்கையும் அதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். பி தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் குடைந்து பார்த்தவர் அதை நம்பமாட்டார். மேசை மேல் இத்தனை பாடு என்றால், 269 மீட்டர் கப்பலில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் கண்ணுக்குத் தெரியாமல் இதைச் செய்தார்களாம்! கடலடியில் கிடக்கும் உந்துவிசிறியில் 401 என்ற எண் பொறித்திருக்கிறது.

பிரிக்காத டைட்டானிக் பெட்டி வீட்டுப் பரணில் இருந்தால், ஏ தள ஜன்னல்களை ஒட்டுவதற்கு முன் ஒலிம்பிக்கின் 1911ஆம் ஆண்டுப் படங்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒட்டியபிறகு பிய்ப்பது ரொம்பக் கஷ்டம்.