சுவரில் பூத்த பூசணம்: யார் பொறுப்பு, யார் செலவு?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தும்போதுதான் பல வீடுகளில் அது கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் குடித்த சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்ப் பூசணம். பட்டுப்புடவையைப் பிரித்தால் ஒரு மக்கல் வாடை. வீட்டில் குழந்தைக்குச் சளியும் இருமலும் விடாமல் இருந்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்காத பெற்றோர் இல்லை. கைபேசியில் தேடினால் 'கறுப்புப் பூசணம் நச்சு' என்று முதலில் வரும். அடுத்து, வீட்டுக் காற்றைச் சோதித்து அறிக்கை தருகிறோம் என்று ஒரு விளம்பரம் வரும்.

பெரும்பாலான வீடுகளில் அந்தச் சோதனைக்குக் கட்டும் பணம் வீண். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நோய்த் தடுப்பு மையமும் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லி வருகின்றன: பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறதா, மாதிரி எடுக்க வேண்டாம், அகற்றுங்கள். காரணம் இருக்கிறது. பூஞ்சையின் வித்துகள் இல்லாத காற்றே கிடையாது. வளர்ப்பு ஊடகம் தடவிய தட்டு ஒன்றைத் திறந்து வைத்தால், எவ்வளவு சுத்தமான வீட்டிலும் நாலைந்து நாளில் ஏதாவது முளைக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை வித்துக்கு மேல் போனால் ஆபத்து என்று வரம்பு வகுக்க முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனமே 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஈரத்தையும் பூஞ்சையையும் வரவிடாதீர்கள், வந்தால் நீக்குங்கள் என்பதே அந்த வழிகாட்டியின் சாரம். வரம்பே இல்லாத ஒன்றுக்கு 'அபாய அளவு' என்று சிவப்பு மையில் அச்சடித்துத் தரும் அறிக்கையை என்ன செய்வது?

சோதனை உதவும் இடங்களும் உண்டு. வாடை அடிக்கிறது, பூசணம் எங்கேயென்று தெரியவில்லை. அல்லது விவகாரம் வழக்காகி, நிபுணரின் சான்று தேவைப்படுகிறது. அப்போதும் வீட்டுக்குள் எடுக்கும் அதே நாளில் வெளிக்காற்றிலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். வெளிக்காற்று மாதிரி வேண்டாம் என்று சொல்லும் நிறுவனத்தை அங்கேயே அனுப்பிவிடலாம்.

உடல்நலக் கவலைக்கு வருவோம். கவலைப்படுவதில் தவறில்லை, ஆனால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது முக்கியம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூக்கடைப்பு, தும்மல், இருமல், இளைப்பு அதிகம் என்பதும், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடும் என்பதும் நன்கு நிறுவப்பட்டவை. சிறு குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி திடகாத்திரமானவர் ஒருவர் அந்தச் சுவருக்கு அருகில் படுத்ததால் விஷம் ஏறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

'நச்சுக் கறுப்புப் பூசணம்' என்ற பீதிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சையே காரணம் என்று முதலில் சந்தேகித்த நோய்த் தடுப்பு மையம், மறுஆய்வு செய்து, அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2000இல் அறிவித்தது. திருத்தம் யார் காதிலும் விழவில்லை. பயம் மட்டும் உலகம் சுற்றியது. அந்தப் பூஞ்சைக்கு நாள்கணக்கில் நனைந்து கிடக்கும் காகிதம், அட்டை, ஜிப்சம் பலகை போன்றவைதான் பிடிக்கும். செங்கல்லும் சிமென்ட் பூச்சுமான நம் சுவர்களைவிட, நம் வீடுகளில் அது வர வாய்ப்புள்ள இடம் ஒழுகும் ஃபால்ஸ் சீலிங். நிறத்தை வைத்து எந்தப் பூஞ்சை என்று சொல்லவும் முடியாது.

நமக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை நோய்' என்ற பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்தது. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோயில் கறுத்துப்போவது நோயாளியின் அழுகிய திசு. சுவரில் படரும் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் அன்று பலருக்கு வினையாயின.

உண்மையில் நாம் பயப்பட வேண்டியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலிலேயே ஒவ்வாமையைக் கிளப்பும். அதன் எக்ஸ்ரே காசநோய் போலத் தெரிவதால், நம் நாட்டில் பலர் காசநோய் மருந்தை வீணாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்னொன்று, பூஞ்சைத் துகளையோ புறா எச்சத்தூளையோ தொடர்ந்து சுவாசிப்பதால் நுரையீரல் மெல்ல இறுகிப்போகும் நோய். 2017இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நுரையீரல் திசு தடிக்கும் நோய்கள் கொண்ட 1,084 பேரில் 47.3 சதவீதத்தினருக்கு இந்த வகையே இருந்தது. அவர்களில் பலர் வீட்டில் ஏர்கூலர் வைத்திருந்தவர்கள். கூலருக்குள் ஊறிக் கிடக்கும் புல் திண்டை எத்தனை பேர் மாற்றுகிறோம்?

ஆகவே காற்றைச் சோதிப்பதைவிட ஆளைச் சோதிப்பது மேல். ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினால் இருமல் நிற்கிறது, திரும்பி வந்தால் தொடங்குகிறது என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் ஐஜிஇ ரத்தப் பரிசோதனை, தோல் ஒவ்வாமைப் பரிசோதனை, எக்ஸ்ரே எழுதுவார். சிறுநீரில் பூஞ்சை நச்சு பார்க்கிறோம் என்று விற்கப்படும் சோதனைகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதி இல்லை. அவற்றை நம்பி வைத்தியம் தொடங்க வேண்டாம். பூசணத்தின் மேல் பழியைப் போடுமுன் கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, கரப்பான், தலையணையில் வாழும் தூசிப்பூச்சி ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது சுவருக்கு. தேட வேண்டியது பூஞ்சையின் பெயரை அல்ல, தண்ணீரின் வழியை. வைத்தியமும் சட்டமும் சேரும் இடம் இதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பூசணத்தை நிறுத்தலாம்; யார் செலவு செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், அது பூசணம்தானா? வெள்ளையாகப் பொரிந்து உதிர்வது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரையும், பூசணம் கரையாது. உப்புப் பூத்து, தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை ஒரு கோடு போல நின்றால் அது நிலத்தடி ஓதம். கட்டும்போது அடிமட்டத்தில் ஓதத் தடுப்பு சரியாகப் போடாததன் விளைவு. கூரையிலும் சுவரின் மேல்பாதியிலும் மழைக்குப் பிறகு மட்டும் கறை விரிந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்குகிறதா, தட்டோட்டின் இணைப்புகள் விட்டிருக்கின்றனவா, கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் உண்டா, மழைநீர்க் குழாயின் வாயை இலை அடைத்திருக்கிறதா? கோடையிலும் காயாத கறை என்றால் குழாய். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மாடிவீட்டுக் குளியலறையைச் சந்தேகித்தால், தரையின் வடிகாலை அடைத்து நிறம் கலந்த தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் கழித்துக் கீழே கறை நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது பிளம்பர்களின் பழைய வழக்கம்.

எதுவும் பிடிபடவில்லையா? ஒரு பாலிதீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பாலிதீனின் உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இந்த இரண்டாவது வகை இப்போது பெருகிவிட்டது. ஏசியை 18இல் ஓட்டும் அறையின் மறுபக்கச் சுவர் சில்லிட்டு, காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பூசணம் பூக்கும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதைக் கார்த்திகை மாதச் சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாதிக்க முடியாது. நாம் செய்யக்கூடியது, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது, ஏசியை 25இல் வைப்பது, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது, மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடாமல் இருப்பது.

பாலிதீனில் தெரிந்த ஈரம் எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் வழக்கும் திரும்பும். 'நீங்க ஜன்னலே திறக்கிறதில்ல' என்று வீட்டுக்காரர் சொல்வது உலகப் பொதுவான பதில். இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பூசணம் படர்ந்த வாடகைக் குடியிருப்பு அது. அங்கும் நிர்வாகம் குடும்பத்தின் வாழ்க்கைமுறை மேல்தான் பழியைப் போட்டது. வீட்டுப் பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அவன் பெயரால் வந்த சட்டத்தின் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது: சமூகக் குடியிருப்புகளில் அவசர ஆபத்துக்கு 24 மணி நேரத்தில் நடவடிக்கை, பெரிய ஆபத்தானால் 10 வேலை நாளில் ஆய்வு. நம்மிடம் பூசணத்துக்கென்று கெடு வைக்கும் அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல.

தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய் மாற்றுதல் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், வடிகால் அடைப்பு, பூட்டு, சுவிட்சு வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 'சொன்னேன், கேட்கவில்லை' என்பது போதாது. எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு இந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவது கடினம். பதிவுக்குச் சோம்பும் உரிமையாளர்களும், கேட்கத் தயங்கும் வாடகைதாரர்களும்தான் இங்கே பெரும்பான்மை.

புதிதாக வாங்கிய அடுக்ககம் ஒழுகினால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கைகொடுக்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைக் குறையையோ தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். நாலாவது ஆண்டு மழையில் கண்ட கறைக்கு மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து ஆறாவது ஆண்டில் புகார் செய்பவர்களைச் சட்டம் காப்பாற்றாது. மாடிவீட்டிலிருந்து வரும் ஒழுகல்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. சங்கத்தின் மூலம் இரு தரப்பும் சேர்ந்து பிளம்பரை வைத்துப் பார்ப்பது நல்லது. மசியாவிட்டால் பதிவுத்தபால், பிறகு சிவில் நீதிமன்றம். அட்வகேட் கமிஷனரை நியமித்து வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லும்படி அங்கே கேட்கலாம்.

வாட்டர்புரூஃபிங் செய்தவர் பத்து வருட வாரண்டி அட்டை கொடுத்துவிட்டு அடுத்த மழையில் போனை எடுக்கவில்லை என்றாலோ, காற்றுச் சோதனைக்காரர் ஏமாற்றினாலோ, அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அது கிடைக்கும்.

துடைக்கும் வேலை சுருக்கமானது. மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் நீங்களே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை, சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு நன்றாக உலர்த்தல். காய்ந்த பூசணத்தைச் சுரண்டினால் வித்து வீடு முழுக்கப் பறக்கும், நனைத்துவிட்டுத் துடையுங்கள். ஆஸ்துமாக்காரர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். வெள்ளம் புகுந்த வீட்டில், ஒன்றிரண்டு நாளுக்குள் காயாத இலவம்பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பூசணத்தைக் கொல்ல பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிடையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் ஆளையே கொல்லும்.

துடைக்குமுன் படம் எடுங்கள், தேதி தெரியும்படி, பக்கத்தில் ஒரு அளவுகோலோடு. அதை வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பி, அதே வாசகத்தைக் கடிதமாகவும் அனுப்புங்கள். கறை எங்கே, எப்போது முதல், மழையின்போதா எப்போதுமா, பாலிதீன் எந்தப் பக்கம் நனைந்தது என்ற நாலு வரி போதும். புது வாடகை வீட்டில் சாமான் இறக்குமுன்பே எல்லாச் சுவரையும் படமெடுத்து அனுப்பிவிட்டால், காலி செய்யும் நாளில் பெயிண்டுக்கென்று அட்வான்ஸில் பிடிக்க வரும்போது காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.